வாண்டுகளும் வாழை இலையும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆண்டாள் கோயிலில் நடை சாத்தும் நேரம். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வருகின்றன. எல்லோருக்கும் நல்ல பசி. பக்கத்துத் தெரு ஓட்டல்களில் உட்கார இடமில்லை. சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்தவர் நின்றுகொண்டிருக்கிறார்.

அந்தக் கூட்டத்தில் எப்படியும் நாலைந்து வாண்டுகள் இருக்கும். ஒன்று தண்ணீர் டம்ளரைக் கவிழ்க்கும். ஒன்று மேசைக்கு அடியில் புகுந்து பக்கத்து மேசைக்காரரின் வேட்டியைப் பிடித்து இழுக்கும். இன்னொன்று கை கழுவும் இடத்துக்கும் கல்லாவுக்கும் நடுவே ஓட்டப்பந்தயம் நடத்தும். எதிரே சப்ளையர் ஒரு கையில் சாம்பார் வாளி, மறு கையில் ரசம் வாளியோடு வேகமாக வருவார். "ஏம்மா, பிள்ளையப் புடிங்கம்மா!" என்று ஒரு சத்தம் கேட்கும்.

அடுத்த நிமிடம் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து செல்போன் வெளியே வரும். பாட்டு ஓடும். பிள்ளை சிலையாகிவிடும். வாய் மட்டும் திறக்கும், மூடும். அம்மா ஊட்டிக்கொண்டே இருப்பார். அவருடைய இலையில் சோறு ஆறிக்கொண்டே இருக்கும்.

இது ஸ்ரீவில்லிபுத்தூரில் மட்டும் நடப்பதில்லை. 12 கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்திலும் இதே கதைதான், சென்னையிலும் இதே கதைதான். ஆனாலும் இதை ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்துப் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அது என்ன என்று பிறகு பார்க்கலாம். முதலில் அந்த வாண்டு ஏன் அப்படிச் செய்கிறது என்று பார்ப்போம்.

சேட்டையா, சலிப்பா?

"பிள்ளை ரொம்ப சேட்டை பண்ணுது" என்று சொல்வது சுலபம். பிள்ளையின் இடத்தில் இருந்து பார்த்தால் கதையே வேறு. விடியற்காலையில் எழுப்பி, வேனில் உட்காரவைத்து, கோயில் வரிசையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்று, தூங்கவேண்டிய நேரத்தில் ஒரு புது இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே டம்ளரைத் தொடக்கூடாது, இறங்கக்கூடாது, கத்தக்கூடாது, அழக்கூடாது. சாப்பாடும் இன்னும் வரவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை வேறு என்னதான் செய்யும்? இத்தனை சட்டங்களுக்குக் கட்டுப்பட்டுப் பெரியவர்களே அரை மணி நேரம் உட்காரமாட்டார்கள். அதனால்தான் அவர்களும் போனை எடுக்கிறார்கள்!

காத்திருப்பது யாருக்கும் பிறவியிலேயே வருவதில்லை. நடை போல, பேச்சு போல அதுவும் பழகிப் பழகித்தான் வரும். நடக்கப் பழகும்போது விழுகிற பிள்ளையை யாரும் திட்டுவதில்லை. காத்திருக்கப் பழகும்போது தவறுகிற பிள்ளைக்கு மட்டும் ஓட்டலே திரும்பிப் பார்க்கும்படி அதட்டல் விழுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் இலை விழும். இலை விழுந்ததும் சோறு விழும். காத்திருப்பு ரொம்பக் குறைவு. ஏ.சி. ஹாலில் அப்படி இல்லை. மெனு கார்டு வரும், ஆளுக்கொன்று யோசிப்பார்கள், ஆர்டர் எடுப்பார்கள், சூப் வரும், மீதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. செல்போன் நுழைந்தது அந்த இடைவெளியில்தான்.

பெரியாழ்வார் செய்த வேலை

இப்போது அந்தப் பொருத்தத்துக்கு வரலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் 11 நிலைக் கோபுரம், பால்கோவா, ஆடிப்பூரத் தேர் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை எப்படிச் சமாளிப்பது என்று தமிழில் விரிவாகப் பாடியவரின் ஊரும் இதுதான் என்பது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் நந்தவனம் வைத்து, வடபத்ரசாயிப் பெருமாளுக்கு மாலை கட்டியவர். திருப்பல்லாண்டையும் பெரியாழ்வார் திருமொழியையும் சேர்த்து 473 பாசுரங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. கண்ணனைத் தன் பிள்ளையாகவும் தன்னை யசோதையாகவும் வைத்துப் பாடிய பகுதிதான் அதில் மிகவும் பேர்பெற்றது.

பாடப்படுவது கடவுள்தான். ஆனால் அதில் வரும் வேலைகள் எந்த வீட்டிலும் நடப்பவை. பிள்ளைக்கு வேடிக்கை காட்ட நிலாவைக் கூப்பிடுவது. கை தட்டச் சொல்வது. தளர்நடை நடக்கச் சொல்லிப் பார்ப்பது. தலை வாரிவிடக் காக்கையைத் துணைக்கு அழைப்பது. குளிக்க வர மறுக்கும் பிள்ளைக்கு அப்பமும் பலகாரமும் சுட்டு வைத்திருப்பதாக ஆசை காட்டுவது. பூச்சூட்ட வா வா என்று கெஞ்சுவது. இதில் அம்புலி, செங்கீரை, சப்பாணி எல்லாம் பிற்காலத்தில் பிள்ளைத்தமிழின் பருவங்களாகவே நிலைத்துவிட்டன.

இந்தப் பாசுரங்களைப் பக்திக்காகப் படிக்காதவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். இந்தத் தாய் பிள்ளையை அதட்டி உட்காரவைப்பதைவிட அதன் கவனத்தைத் திருப்புவதுதான் அதிகம். நிலா, காக்கை, பூ, பலகாரம் என்று பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதையே விளையாட்டுச் சாமானாக்கிவிடுகிறாள். பேசிக்கொண்டே இருக்கிறாள். பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கிராமத்து வாசலில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டிய ஆச்சிகள் எல்லோரும் செய்ததும் இதைத்தான்.

அமெரிக்காவிலும் அதே பாடம்

கவனத்தைத் திருப்பினால் காத்திருப்பு சுலபமாகும் என்பதை அமெரிக்காவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் நடத்திய மிட்டாய்ச் சோதனைதான் அது. இப்போதே வேண்டுமென்றால் ஒன்று, கொஞ்சம் காத்திருந்தால் இரண்டு என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். தின்பண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளால் அதிக நேரம் தாங்க முடியவில்லை. தின்பண்டம் கண்ணில் படாமல் இருந்தபோதும், பிள்ளைகள் வேறு விளையாட்டில் மனதைத் திருப்பியபோதும் காத்திருப்பு நீண்டது. இந்தச் சோதனையில் காத்திருந்த பிள்ளைகள்தான் பின்னாளில் பெரிய ஆளாவார்கள் என்ற முடிவு ஆட்டம் கண்டுவிட்டது. 2018-ல் அதிகப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் அந்தத் தொடர்பு மிகவும் பலவீனமாகத்தான் தெரிந்தது. ஆனால் கவனம் திரும்பினால் காத்திருப்பு நீளும் என்பதை எந்த வீட்டிலும் இன்றைக்கே பார்க்கலாம்.

அப்படியென்றால் செல்போனும் கவனத்தைத் திருப்புகிறதே, அது மட்டும் என்ன பாவம் செய்தது? நியாயமான கேள்வி. வித்தியாசம் இதுதான். நிலாவைக் காட்டும்போது பிள்ளை அம்மாவோடு சேர்ந்து நிலாவைப் பார்க்கிறது. போனைக் கொடுத்துவிட்டால் பிள்ளை தனியாகப் போய்விடுகிறது. எதிரே இருக்கும் தாத்தா தெரியாது, வாயில் போவது இட்லியா தோசையா தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. போனைப் பிடுங்கியதும் கிளம்பும் அலறல் முதல் அழுகையைவிடப் பெரிதாக இருக்கும். காத்திருக்கப் பழகக் கிடைத்த ஒரு வாய்ப்பும் போய்விட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது நிரம்பும்வரை உட்காரவைத்துத் திரை காட்டுவதே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் போன் வேண்டுமென்றால் அந்த ஒரு மணி நேரம் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடும்.

போன் பிள்ளையின் கையில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் ஆய்வாளர்கள் துரித உணவுக் கடைகளில் உட்கார்ந்து, சிறு பிள்ளைகளோடு வந்த 55 பெரியவர்களைக் கவனித்தார்கள். 40 பேர் சாப்பாட்டின் நடுவே போனைப் பயன்படுத்தினார்கள். போனிலேயே மூழ்கியிருந்த சிலரின் பிள்ளைகள் அவர்களைத் தம் பக்கம் இழுக்கச் சேட்டையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பெரியவர்கள் எரிந்து விழுந்தார்கள். 2014-ல் வெளியான ஆய்வு இது. ராஜபாளையத்து ஓட்டலில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலும் இது தெரியும்.

இதையெல்லாம் சொல்லி, தனியாக இரண்டு பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு தாயைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. என்றைக்கோ ஒரு நாள், கை ஒழியாதபோது ஐந்து நிமிடம் போன் கொடுத்தால் குடி முழுகிப்போகாது. எதிரே நாலு பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் போன்தான் முதல் வழி என்றால், அதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஓட்டலிலேயே இருக்கும் பொம்மைகள்

மதிய நேரத்தில் நிலாவுக்கு எங்கே போவது? போகவே வேண்டாம். ஒரு ஓட்டலில் வேடிக்கைக்கா பஞ்சம்!

டீ மாஸ்டர் உயரத்தூக்கி ஆற்றுகிறார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சுர்ர்' என்கிறது. சாயங்காலமானால் புரோட்டாக் கல்லில் கொத்து போடும் தாளத்துக்கு எந்த வாண்டும் தலையாட்டும். அடுப்பிலிருந்து தள்ளி, அப்பாவின் தோளில் இருந்தபடி இதைப் பார்த்தாலே பத்து நிமிடம் ஓடிவிடும். சாப்பாடு வரும்வரை உள்ளே உட்காரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரியவர்கள் ஆர்டர் சொல்லட்டும். ஒருவர் பிள்ளையோடு வாசலில் நின்று மாடு, ஆட்டோ, கோபுரத்துப் புறா எல்லாம் காட்டட்டும். இலை போட்டதும் உள்ளே வரலாம்.

வாழை இலையைப் போலச் சின்னப் பிள்ளைக்கு ஏற்ற தட்டு கிடையாது. உடையாது. கீழே விழுந்தாலும் சத்தம் வராது. பிள்ளைக்கும் ஒரு துண்டு இலை கேட்டு வாங்கி முன்னால் போட்டால் அதற்கு மரியாதை வந்துவிடும். தண்ணீர் தெளித்துத் துடைக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுக்கலாம். இரண்டு வயதுக்கு அது பெரிய உத்தியோகம்! அப்பளத்தை நொறுக்கச் சொல்லலாம், சின்னத் துண்டாக. சோற்றில் குழி பண்ணச் சொல்லலாம். கொஞ்சம் சிந்தும், மேலெல்லாம் பூசும். பிள்ளை கையை விட்டு அளைந்த சோற்றுக்கு இருக்கும் ருசியை வள்ளுவர் 64-வது குறளில் சொல்லியிருக்கிறார். நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பற்றிப் பாண்டியன் அறிவுடைநம்பி என்ற அரசனே புறநானூற்றில் பாடியிருக்கிறான். அரசனுக்கே இல்லாத கூச்சம் மற்றவர்களுக்கு எதற்கு? எழுந்திருக்கும்போது கீழே சிந்திய பருக்கைகளை அள்ளி இலையில் போட்டு மூடிவிட்டால் மேசை துடைக்க வருகிறவருக்கும் பாரம் குறையும்.

சில சின்ன விஷயங்களை முன்னாலேயே யோசித்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

1. பிள்ளையை முழுப் பசியோடு ஓட்டலுக்குக் கூட்டிப்போகக் கூடாது. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் போதும்.

2. நடை சாத்தும்வரை நிற்காமல் கொஞ்சம் முன்னாலேயே சாப்பிடப் போனால் கூட்டமும் இருக்காது, தூக்க நேரமும் தவறாது.

3. உடனே கிடைப்பது எது என்று கேட்டுப் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டும். இட்லி சீக்கிரம் வரும். நெய் ரோஸ்ட் வர நேரமாகும்.

4. உட்கார்ந்து சாப்பிடுவதுதான் முறை. ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ சாப்பிட்டால் புரையேறும். எலுமிச்சை சாதத்தில் கிடக்கும் வேர்க்கடலையைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அது சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கக்கூடியது.

5. பால்கோவாவை லஞ்சமாக்கக் கூடாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் அது பாலும் சர்க்கரையும். சர்க்கரை மிகுந்த பண்டங்களை இரண்டு வயதுக்குள் கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். ஆனால் அழுகையை நிறுத்தக் கொடுத்தால், அழுதால் பால்கோவா கிடைக்கும் என்பதுதான் அது கற்றுக்கொள்ளும் பாடம்!

ஓடவிடுவது அன்பில்லை

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "சின்னப் பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கவலையில்லாமல் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இது போன் கொடுப்பதைவிட மோசம்.

கூட்ட நேரத்தில் சப்ளையர் ஒரு நடைக்கு இரண்டு வாளி தூக்குகிறார். கொதிக்கும் ரசம் அது. காலடியில் ஒரு வாண்டு குறுக்கே ஓடினால் அவருக்குத் தெரியவே தெரியாது. பிள்ளையின் தோல் மெல்லியது, பெரியவர்களைவிடச் சீக்கிரமும் ஆழமாகவும் வெந்துபோகும். அந்த ஒரு நொடியில் பிள்ளைக்கும் ஆபத்து, அந்தத் தொழிலாளிக்கும் ஆபத்து. ஆகவே ஓட்டலுக்குள் ஓடுவது மட்டும் எந்த வயதிலும் கூடாது. இதில் கெஞ்சலும் பேரமும் வேண்டாம். அடிக்கவும் வேண்டாம். தூக்கிக்கொண்டு வெளியே போய், அழுது முடிக்கும்வரை நின்று, திரும்ப வந்தால் போதும். நாலு தடவை இப்படி நடந்தால் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

பெரியாழ்வாரே இதையும் விட்டுவைக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கண்ணனைப் பற்றிப் புகார் சொல்வதாக ஒரு பதிகம் இருக்கிறது. ஒரு சிறுமியின் வளையலைக் கழற்றிக்கொண்டு போய் நாவற்பழத்துக்கு விற்றுவிட்டு, நான் இல்லை என்று சிரிக்கிறானாம்! அந்தப் பெண்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். உன் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள். யசோதையும் அவனை வா வா என்று தன் பக்கம் அழைக்கிறாள். பக்கத்து மேசைக்காரர் முகம் சுளித்தால் இன்றைய பெற்றோர் செய்யவேண்டியதும் அதுதான். அவரிடம் சண்டைக்குப் போகாமல் பிள்ளையைத் தன் பக்கம் அழைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து மேசைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. தென்கொரியாவில் பல கடைகள் "குழந்தைகளுக்கு அனுமதி இல்லை" என்று பலகையே வைத்தன. அது பாகுபாடு என்று அந்த நாட்டு மனித உரிமை ஆணையம் 2017-ல் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு உணவகம் 2023-ல் பத்து வயதுக்கு உட்பட்டவர்களை உள்ளே விடுவதை நிறுத்தியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த நிலைமை இல்லை. கல்லாவில் இருக்கிற முதலாளி கன்னத்தைத் தட்டி ஒரு மிட்டாய் கொடுக்கிற ஊர் இது. அந்தப் பொறுமை தீராமல் இருக்க இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஓட்டல்காரர்களும் ஒரே ஒரு இட்லி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கலாம். பிள்ளைக்கு ஒரு சின்ன டம்ளர், உயரமான ஒரு நாற்காலி வைக்கலாம். பெரிய செலவில்லை.

அம்மாவின் இலை

இத்தனையும் சொன்னபிறகு மிச்சமிருப்பது ஒரு கேள்விதான். இதையெல்லாம் யார் செய்வது?

வாசலில் நின்று மாடு காட்டுவது, இலை துடைக்கச் சொல்லிக் கொடுப்பது, கடலையைப் பொறுக்குவது, அழுதால் வெளியே தூக்கிப் போவது எல்லாம் சேர்ந்து ஒரு முழு ஆள் வேலை. அது கேட்காமலே அம்மா தலையில் விழுந்துவிடுகிறது. அப்பாவும் மாமாவும் பெரியப்பாவும் மோர் வரைக்கும் வந்து, இலையை மடித்து, கை கழுவி, பீடாவும் போட்டாகிவிடும். அம்மா அப்போதுதான் முதல் வாய் எடுப்பார். வெளியில் சாப்பிடப் போவதே வீட்டில் சமைக்கிறவருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கத்தான். அந்த ஓய்வு கடைசியில் எல்லோருக்கும் கிடைக்கிறது, அவரைத் தவிர. போன் ஓட்டலுக்குள் வந்ததும் இதனால்தான். உதவிக்குக் கை நீட்ட ஆளில்லாத இடத்தில் போன் உதவிக்கு வந்தது. போனைக் குறை சொல்கிற அப்பாக்கள் முதலில் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

இதற்கும் பெரியாழ்வாரைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. நந்தவனத்துத் துளசிச் செடியடியில் கிடைத்த பெண் குழந்தையைத் தன் மகளாக எடுத்து வளர்த்தவர் அவர் என்பது மரபு. அந்தப் பெண்தான் ஆண்டாள். நிலாவைக் கூப்பிட்டு, காக்கையைக் கூப்பிட்டு, குளிக்க வா, பூச்சூட வா என்று கொஞ்சிய அந்தக் குரல் பாட்டில் தாயின் குரல்தான். பாடியவர் ஒரு ஆண், ஒரு அப்பா. பிள்ளையைத் தேற்றுவது பெண்கள் வேலை என்று அவர் ஒதுங்கிப் போகவில்லை.

ஆகவே ஒரு எளிய ஏற்பாடு. அடுத்த முறை ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு ஓட்டலில் உட்காரும்போது, முதல் இலை அம்மாவுக்கு. அவர் சூடாகச் சாப்பிடட்டும், இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும். அதுவரை அப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கோபுரத்துப் புறாவை எண்ணட்டும். இரண்டு வயது வாண்டுக்குச் சரியாக எண்ணத் தெரியாது, அதனால் நேரம் நன்றாகவே போகும். பிறகு அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரே பந்தியில் உட்காரலாம். சோறு கொஞ்சம் ஆறியிருந்தால் ஒரு நாள் அப்பாவும் ஆறின சோறு சாப்பிட்டுப் பார்க்கட்டுமே!